மாத்தளை மலைநாட்டின் பழங்காசுகள்: வகை காண்பதும் தரம் அறிவதும்

கண்டி இராச்சியம் 1815இல் வீழும்வரை மாத்தளை மலைநாட்டில் ஐரோப்பிய ஆட்சி நிலைக்கவில்லை. ஆனால் கடற்கரையில் புழங்கிய காசுகளுக்கு அந்த எல்லை தடையாக இருக்கவில்லை. கொட்டைப் பாக்கு கீழே இறங்கியது. உப்பும் துணியும் மேலே ஏறின. அவற்றோடு பணமும் ஏறியது. பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன, தென்னிந்தியத் தொழிலாளர் வந்தனர், கூலி வந்தது. ஆகவே மாத்தளைப் பகுதியின் பழைய பெட்டிகளிலும் வயல் மண்ணிலும் கிடைக்கக்கூடிய காசுகள் ஒரே அரசின் காசுகள் அல்ல. சோழர், பொலன்னறுவை மன்னர், கண்டி மன்னர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், கொழும்பு வணிக நிறுவனங்கள் என்று பல கைகள் அவற்றை அடித்திருக்கின்றன. ஒரு காசின் விலை பிறகு பேச வேண்டியது. அதற்குச் சரியான பெயர் சொல்வதே முதல் வேலை. ஒரு பட்டத்தின் இரண்டு எழுத்துகள், ஒரு கேடயத்தின் சிங்கம், ஆண்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறு எழுத்து ஆகியவைதான் அந்தப் பெயரைத் தருகின்றன.

நிற்கும் அரசன், அமர்ந்த அரசன்

இலங்கையின் இடைக்காலக் காசுகளில் மிகுதியாகக் கிடைப்பது 'மஸ்ஸ' எனப்படும் செப்புக் காசு. எடை சுமார் 4 கிராம். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் அமர்ந்த அரசன். அமர்ந்த உருவத்துக்கு வலப்புறம் நாகரி எழுத்தில் மன்னரின் பெயர் இருக்கும். இந்த வடிவத்துக்கு முன்னோடி 'கஹவணு' என்ற பொற்காசு. அதில் மன்னர் பெயர் இல்லை. 'ஸ்ரீ லங்காவிபு' என்ற பட்டம் மட்டுமே உண்டு. கஹவணுவுக்கு அரை, கால், அரைக்கால் பங்குக் காசுகளும் இருந்தன.

முதலாம் இராசராசன் 993 அளவில் வட இலங்கையைக் கைப்பற்றினான். முதலாம் இராசேந்திரன் 1017 அளவில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தான். இராசராசனின் பெயர் பொறித்த காசும் இதே நிற்கும், அமர்ந்த உருவங்களையே கொண்டிருக்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் அது ஏராளமாகக் கிடைக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்ற பெயர் வருவதும் இந்த இருவழிப் புழக்கத்துக்குச் சான்று. சோழர் ஆட்சி முடிந்த பின் பொலன்னறுவை மன்னர்கள் அதே உருவங்களைத் தொடர்ந்து அடித்தனர். உருவத்தைப் பார்த்து எவருடைய காசு என்று சொல்ல முடியாது. பெயரைப் படித்தால்தான் சொல்ல முடியும்.

பெயர்களிலும் சிக்கல் உண்டு. நிசங்கமல்லனின் காசில் அவன் பெயர் இல்லை. 'ஸ்ரீ காலிங்க லகேஜ' என்ற பட்டமே இருக்கிறது. பராக்கிரமபாகு, விஜயபாகு என்ற பெயர்களில் பல மன்னர்கள் இருந்ததால், எழுத்தின் வடிவத்தையும் உருவத்தின் நடையையும் ஒப்பிட்டே காசைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. லீலாவதி என்ற அரசி 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறினாள். அவளுடைய காசுகளை மூன்று ஆட்சிகளுக்கும் தனித்தனியே பங்கிட வழியில்லை. 1208 அளவில் கைக்குழந்தையாக முடிசூட்டப்பட்ட தர்மாசோகனின் காசு அரிது. யாப்பகுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகுவின் காலத்திலும் இவ்வகைக் காசு தொடர்ந்தது.

யாழ்ப்பாண அரசின் 'சேது' காசுகள் இந்த மரபிலிருந்து கிளைத்தவை. ஒரு பக்கம் நிற்கும் உருவம் தொடர்கிறது. மறுபக்கத்தில் அரசனின் இடத்தைப் படுத்திருக்கும் காளை பிடித்துக்கொள்கிறது. அதன் கீழே தமிழ் எழுத்தில் 'சேது'. காளை தேய்ந்து மங்கிய காசிலும் அந்த இரண்டெழுத்து தெரிந்தால் அடையாளம் உறுதிப்படும்.

கண்டி இராச்சியத்தில் மூன்று பணங்கள்

கண்டி இராச்சியத்தில் புழங்கிய பணத்தைப் பற்றிய நேரடிச் சாட்சியம் ராபர்ட் நொக்ஸின் நூலில் இருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாக இருந்த அந்த ஆங்கிலேயர் 1681இல் தம் நூலை வெளியிட்டார். போர்த்துக்கீசர் அடித்த பணம், மீன் தூண்டில் போல வளைந்த வெள்ளிப் பணம், மன்னனுக்கே உரிய மிகச் சிறிய 'பணம்' என மூன்று வகைகளை அவர் குறிப்பிடுகிறார்.

இரண்டாவது வகையை நாணயவியலார் லாரின் என்பார்கள். பாரசீகத்தின் லார் என்ற ஊர்ப் பெயரால் அமைந்த இந்தப் பணம், இந்து சமுத்திரத் துறைமுகங்கள் எங்கும் நடமாடியது. பாரசீக லாரின் மடித்த கம்பியாக நேராக இருக்கும். இலங்கையில் அதைத் தூண்டில் வடிவமாக வளைத்தனர். அதை எவரும் செய்துகொள்ள மன்னன் இடங்கொடுத்திருந்ததாக நொக்ஸ் எழுதுகிறார். அதனால்தான் இந்தக் காசுகளின் முத்திரைகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. அரபு எழுத்துப் போலத் தோன்றும் கீறல்கள் படிக்கத்தக்க வாசகமாக இல்லாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

எவரும் செய்யக்கூடிய பணத்துக்குச் சோதனை தேவை. ஐயம் வந்தால் வெள்ளியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். தூய வெண்மையாக வந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. மலைநாட்டில் காசின் தரம் பார்த்த முறைக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய விவரங்களில் இது ஒன்று. அன்றைய தரம் உலோகத்தின் தூய்மையைப் பற்றியது. இன்றைய தரம் உருவத்தின் தேய்மானத்தைப் பற்றியது. பழைய லாரின்களில் காணும் வெட்டுக் காயங்களும் நெருப்புத் தழும்புகளும் இன்று விலையைக் குறைக்கலாம். ஆனால் அவை அந்தப் பணம் உண்மையில் புழங்கியதற்கான அடையாளங்கள்.

மன்னனின் சிறு பணத்தை வேறெவரும் அடித்தால் மரண தண்டனை. அத்தகைய 75 பணங்கள் ஒரு ஸ்பானிய டாலருக்குச் சமம் என்பது நொக்ஸ் தரும் கணக்கு. எட்டு ரியால் மதிப்புள்ள அந்த வெள்ளி டாலர் மெக்சிகோவிலும் பொலிவியாவின் பொத்தோசியிலும் அச்சானது. அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளி கண்டி மலைகளில் விலை அளக்கும் அளவுகோலாக இருந்தது.

ஒல்லாந்தர் டொயிட்டும் கட்டிக் காசும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டது. 1726 முதல் அது ஒல்லாந்தில் அடித்து அனுப்பிய செப்பு டொயிட்டுகள் ஆசியா முழுவதும் பரவின. ஒரு பக்கத்தில் வி, ஓ, சி என்ற மூன்று ரோமன் எழுத்துகள் பின்னிய கம்பெனி முத்திரையும் ஆண்டும் இருக்கும். இந்தப் பக்கம் எல்லா டொயிட்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. வகையைச் சொல்வது மறுபக்கத்துக் கேடயம். தனித்து நிற்கும் சிங்கம் ஒல்லாந்து மாகாணத்துக்குரியது. அலைகளிலிருந்து எழும் சிங்கம் சீலாந்துக்குரியது. ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும் இரண்டு சிங்கங்கள் மேற்கு பிரீஸ்லாந்துக்குரியவை. இருபுறமும் சிங்கங்கள் தாங்கும் கேடயம் யூட்ரெக்ட்டுக்குரியது. தேய்ந்த டொயிட்டில் முதலில் தேட வேண்டியது சிங்கத்தின் காலடியில் அலை உண்டா என்பதே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்திலிருந்து வரும் காசு போதாமற்போகவே, கம்பெனி இலங்கையிலேயே செப்பு ஸ்டைவர்களை அடித்தது. தடித்த செப்புத் துண்டின்மேல் சுத்தியலால் அச்சை இறக்கியதால் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும், உருவம் ஓரம் தள்ளியிருக்கும். இவையே கட்டிக் காசுகள். கம்பெனி முத்திரைக்கு மேலே உள்ள ஒற்றை எழுத்து அச்சிட்ட இடத்தைச் சொல்கிறது. சி கொழும்பு, ஜி காலி, டி திருகோணமலை. அச்சு நழுவி அந்த எழுத்து காசுக்கு வெளியே போய்விட்டால், உறுதியான அடையாளமும் போய்விடும்.

1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் பழைய கணக்கை மாற்றவில்லை. 4 ஸ்டைவர் சேர்ந்தது 'பணம்' என்ற அலகு, 12 பணம் ஒரு றிக்ஸ்டாலர். 1801 முதல் அவர்களும் கொழும்பில் இதே கட்டி வடிவில் செப்புக் காசு அடித்தனர். ஒரு பக்கம் யானையும் அதன் கீழ் ஆண்டும், மறுபக்கம் இலங்கை அரசாங்கம் என்ற ஆங்கில வாசகமும் நடுவில் ஓர் எண்ணும் உண்டு. 12, 24, 48 என்ற அந்த எண்கள் காசின் மதிப்பைச் சொல்வதில்லை. எத்தனை காசு சேர்ந்தால் ஒரு றிக்ஸ்டாலர் என்பதைச் சொல்கின்றன. ஆகவே 48 என்ற எண்ணுள்ளதுதான் மூன்றிலும் சிறியது. 12 என்ற எண்ணுள்ளது முழுப் பணத்துக்குச் சமம். புதிதாகச் சேகரிப்பவர்கள் மதிப்பைத் தலைகீழாக எழுதிவிடுவது இங்கேதான் அதிகம்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தத்தால் மாத்தளையும் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. அதே ஆண்டு பொறித்த அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர் செப்புக் காசுகள் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அச்சானவை. மூன்றாம் ஜோர்ஜின் தலை ஒரு பக்கம், யானை மறுபக்கம். வட்டமும் விளிம்பும் ஒழுங்காக இருப்பதால் கட்டிக் காசிலிருந்து அவற்றைப் பார்த்த உடனே பிரித்துவிடலாம்.

ஸ்டெர்லிங், கோப்பி, டோக்கன்

1825இல் இலங்கையின் கணக்கு பிரித்தானிய ஸ்டெர்லிங் பணத்துக்கு மாறியது. ஒரு றிக்ஸ்டாலரின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று வரையறுக்கப்பட்டது. அதன்படி ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ் ஆகிறது. 1834 முதல் அச்சான சிறிய ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக் காசு இலங்கைக்கும் ஜமெய்க்கா போன்ற பிற குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டது. அதன் பின்புறத்தில் கிரீடமும் மதிப்பும் ஆண்டும் இருந்தாலும் இலங்கையின் பெயர் இல்லாததால், அது இலங்கைக்கும் வந்த காசு என்பதைப் பலர் அறிவதில்லை. 1828 முதல் அடித்த அரைப் பார்திங்கும் 1839 முதல் அடித்த கால் பார்திங்கும் இலங்கையின் சிறு கொடுக்கல் வாங்கலுக்காகவே பிறந்தவை. அரைப் பார்திங் 1842இல்தான் இங்கிலாந்தில் செல்லும் பணமானது. 1830ஆம் ஆண்டின் அரைப் பார்திங்கில் பெரிய எண், சிறிய எண் என்று இரண்டு வகைகள் உண்டு. காசைத் தனியே பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடாது. இரண்டையும் அருகருகே வைத்தே காண வேண்டும்.

காசு வரியாகவும் கசந்தது. ஆளுநர் டொரிங்டன் காலத்தில் நாய்க்கு ஒரு ஷில்லிங், துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங் என்று வரி வந்தது. வீதி வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, இல்லையேல் பணம் என்ற சட்டமும் வந்தது. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவை முக்கியக் காரணங்கள். பெரும்பாலும் நெல்லையும் உழைப்பையும் கொண்டு கொடுக்கல் வாங்கல் நடத்திய கிராமங்கள் வெள்ளிக் காசைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அதே காலத்தில் கோப்பி மலைநாட்டை மாற்றிக்கொண்டிருந்தது. மன்னாரில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். மாத்தளை அவர்களுக்கு மலைநாட்டின் வாசலாக இருந்தது. மலையில் விளைந்த கோப்பியை உலர்த்தித் தெரிவு செய்யும் ஆலைகள் கொழும்பிலும் கண்டியிலும் இயங்கின. சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில் ஆலை நடத்திய நிறுவனங்கள் தங்கள் பெயரில் செப்பு, பித்தளை டோக்கன்களை அடித்தன. செய்த வேலைக்கு அடையாளமாகத் தொழிலாளருக்கு அவற்றைக் கொடுத்துப் பிறகு பணமாக மாற்றித் தந்தன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத்தின் வேகந்த ஆலை டோக்கனில் 1843 என்ற ஆண்டும் நாலரை என்ற எண்ணும் இருக்கின்றன.

அந்த நாலரை பென்ஸ் தற்செயலான தொகை அல்ல. அது பழைய கணக்கில் மூன்று பணம். இந்திய ரூபாவின் கணக்கில் மூன்று அணா. நூறு சதக் கணக்கு வந்தபின் பதினெட்டே முக்கால் சதம். பிற்கால டோக்கன்கள் சிலவற்றில் '19 சதம்' என்ற விநோதமான மதிப்பு இருப்பதன் காரணம் இதுதான். கணக்கு மாறியும் கூலி மாறவில்லை. ஓர் எண்ணைப் பார்த்து டோக்கன் எந்தக் கணக்கின் காலத்தது என்று பிரித்துவிடலாம்.

சதக் காசுகளின் நுட்பங்கள்

1872 ஜனவரி 1 முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தன. அதற்காகக் கல்கத்தாவில் அச்சான கால், அரை, ஒன்று, ஐந்து சதச் செப்புக் காசுகளில் 1870 என்ற ஆண்டு இருக்கிறது. ஒரு பக்கம் விக்டோரியா அரசி, மறுபக்கம் தாளிப்பனை. மதிப்பு ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகள் சேர்ந்தன.

இந்தத் தொடரில் வகை பிரிக்க நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும். முதலாவது முகம்: விக்டோரியா, ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ். இரண்டாவது உலோகம். முதலாம் உலகப் போரின் பின் வெள்ளி விலை ஏறியதால், 1919 முதல் வெள்ளிக் காசின் தூய்மை ஆயிரத்துக்கு 800 பங்கிலிருந்து 550 பங்காகக் குறைந்தது. வடிவம் மாறாததால் ஆண்டுதான் இதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது அச்சுச்சாலைக் குறி. ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிக் காசுகள் பலவற்றில் பம்பாயைக் குறிக்கும் பி எழுத்து மிகச் சிறியதாக உண்டு; 1912ஆம் ஆண்டின் ஐந்து சதத்தில் பர்மிங்காமின் ஹீட்டன் அச்சுச்சாலையைக் குறிக்கும் எச் உண்டு. நான்காவது வடிவமும் எடையும். 1909இல் ஐந்து சதம் செம்பிலிருந்து நிக்கல் கலவைக்கு மாறி, முனை மழுங்கிய சதுரமானது. 1942இல் ஒரு சதம் பாதி எடையுள்ள மெல்லிய வெண்கலக் காசானது. 1944இல் நெளி விளிம்புள்ள இரண்டு சதம் வந்தது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டை இந்த மாற்றங்களில் நேராகவே காணலாம்.

பட்டியலிட்டவர்கள்

இந்தக் காசுகளுக்கு முறையான பெயர்ப்பட்டியல் சிலரின் நீண்ட உழைப்பால் கிடைத்தது. இலங்கையில் அரசாங்க அதிகாரியாக இருந்து பின்னர் பாளி ஆய்வில் புகழ்பெற்ற ரைஸ் டேவிட்ஸ் 1877இல் இலங்கையின் பழைய காசுகளையும் அளவைகளையும் பற்றி எழுதினார். இராணுவப் பொறியியலாளர் லோஸ்லி 1895இல் காசுகளையும் டோக்கன்களையும் பட்டியலிட்டார். இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த கொட்ரிங்டன் 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாகத் தந்த நூல் இன்றும் அடிப்படை நூல். பிரித்தானியக் காலக் காசுகளுக்குப் பிரிட்மோரின் பட்டியல் எண்கள் வழக்கில் உள்ளன. ஒரு காசுக்குப் பட்டியல் எண் கிடைத்தால், கொழும்பில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது உறுதியாகிறது.

தரம் அறிதல்

வகை உறுதியான பிறகே தரம். பிரித்தானிய மரபில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், புழக்கத்துக்கே வராதது என்று படிகள் ஏறும். அமெரிக்க மரபில் ஒன்று முதல் எழுபது வரையான எண் அளவுகோல் உண்டு. அதை வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நூலில் வகுத்தார். 1793 முதல் 1814 வரை அச்சான அமெரிக்கப் பெரிய சதங்களுக்காகவே அது முதலில் அமைக்கப்பட்டது. அந்தக் காலத்து அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை என்பதால் அச்சுக்கு அச்சு எழுத்து இடைவெளியும் இலையின் அமைப்பும் மாறும். ஒவ்வொரு அச்சு இணைக்கும் ஷெல்டன் தனி எண் கொடுத்தார். இலங்கையின் யானைக் கட்டிக் காசுகளும் கையால் வெட்டிய அச்சுகளில் பிறந்தவையே. யானையின் வாலும் தும்பிக்கையும் ஆண்டின் எண்களும் காசுக்குக் காசு மாறுவதால், அதே பொறுமையான ஒப்பீடு இவற்றுக்கும் பொருந்தும்.

தேய்மானம் முதலில் உயர்ந்த இடங்களில் தெரியும். யானைக் காசில் தோளும் தலையும், விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள கூந்தல், பின்புறத்தில் பனையோலைகளின் நடுப்பகுதி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கட்டிக் காசிலும் மஸ்ஸவிலும் கூடுதல் கவனம் தேவை. அச்சு ஆழமாக இறங்காததால் மங்கிய உருவம் தேய்மானம் ஆகாது. தேய்ந்த இடம் வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அச்சு விழாத இடத்தில் செப்புத் துண்டின் பழைய சொரசொரப்பு அப்படியே நிற்கும். எட்டு அல்லது பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் வேறுபடும்.

புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது பழங்காசுக்குப் பெருந்தீங்கு. நூற்றாண்டுகளாகச் செம்பின்மேல் படிந்த பழுப்பு அதற்குக் காப்பு. அதை உரித்தால் மெல்லிய எழுத்துக் கோடுகளும் சேர்ந்து போகும், போனது திரும்பாது. பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு மட்டும் வேறு. அது உலோகத்தைத் தின்னும் நோய் என்பதால், அந்தக் காசை உடனே தனியே பிரித்து உலர்வாக வைக்க வேண்டும். மலைநாட்டின் ஈரக் காற்றில் மலிவான பிளாஸ்டிக் உறைகளும் செம்பைக் கெடுக்கும். உலர்ந்த காகித உறைதான் பாதுகாப்பானது.

போலியைக் கண்டுபிடிக்க எடையே முதல் சோதனை. வார்த்துச் செய்த போலியில் காற்றுக் குமிழிகளின் நுண்குழிகளும், விளிம்பைச் சுற்றி அராவிய கோடும் தெரியும். இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை.

சட்டமும் பொறுப்பும்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. கண்டி இராச்சியம் முடிந்த நாளே அந்த எல்லை. மண்ணில் தொல்பொருள் கண்டவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உரிமம் வேண்டும். ஆகவே ஒல்லாந்தர் ஸ்டைவரும் மஸ்ஸவும் லாரினும் ஒரு பக்கமும், சதக் காசுகளும் கோப்பி டோக்கன்களும் மறுபக்கமும் நிற்கின்றன. காசை அடையாளம் காணும் திறன் சட்டத்தை மதிக்கவும் தேவைப்படுகிறது.

ஒரு புதையல் பங்கு பிரிந்து கடைகளுக்குப் போனால், எந்தக் காசு எதனோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். ஒரே குடத்தில் இராசராசன் காசும் விஜயபாகு காசும் சேர்ந்து கிடந்தன என்பது, இரண்டும் ஒரே காலத்தில் புழங்கின என்பதற்குச் சான்று. தனித்தனியே விற்றபின் அந்தச் சான்று இல்லை. அதனால் காசைச் சேர்ப்பவர் வகை, எடை, தரம் ஆகியவற்றோடு அது கிடைத்த இடத்தையும் உடன் கிடைத்த பொருள்களையும் எழுதி வைக்க வேண்டும். மலைநாட்டுச் சாதாரண மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. அவர்கள் எந்தப் பணத்தில் கூலி பெற்றார்கள், எதில் வரி கட்டினார்கள், எதைச் சேமித்தார்கள் என்பதை முறையாகப் பெயரிட்டுப் பதிந்த காசுகளே சொல்ல முடியும்.